கார் அபிமானியின் கணக்கு

தாம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர்களை ஒவ்வொன்றாகக் கடந்து மறைமலைநகர் வரையில் பிரயாணம் செய்பவர்களில், இந்தச் சாலையோரத்திலேயே பிறந்து இந்தச் சாலையிலேயே முதன்முதல் சக்கரம் பதித்த கார்கள் எத்தனை வகை என்பதையும், அவற்றைப் பெற்ற தொழிற்சாலைகளில் இரண்டு கதவை மூடிக்கொண்டன என்பதையும் நினைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். சேலையூரில் குடியிருந்துகொண்டு, சொந்தக் காரைத் துடைப்பதிலும் பிறர் கார்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதிலும் அளவுக்கு மிஞ்சிய பிரீதி கொண்டவனாகிய எனக்கு, கார் வாங்குவது, அதை மாற்றி அலங்கரிப்பது, வைத்துப் பராமரிப்பது ஆகிய காரியங்களைப் பற்றிச் சொல்வதற்கு ஏதேனும் உண்டென்றால், அதில் பெரும்பகுதி அந்த இரண்டு தொழிற்சாலைகளின் சரித்திரத்திலிருந்து கற்றுக்கொண்டதுதான்.

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷமாகிய 1948-இல், இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் ஒத்தாசையோடு, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற ஸ்தாபனம் உருவாகி, பெருங்களத்தூர் - வண்டலூர் பக்கத்தில் தன் தொழிற்சாலையை நடத்தலாயிற்று. வான்கார்டு என்ற பெரிய காரும், ஸ்டாண்டர்டு டென் என்ற சிறிய காரும் அங்கே பூட்டப்பட்டன. எனினும் அந்த ஸ்தாபனத்துக்கு நிலைத்த கீர்த்தியைத் தேடித் தந்தது 1961-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலொட்டி வரைந்த அந்தக் காரின் லட்சணம் இன்று பார்த்தாலும் சலிப்பதில்லை. எஞ்சின் 948 சி.சி.தான். ஆனால் முன்பக்கத்து மூடியும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே உருவாகச் சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறந்துகொள்ளுமாதலால், மெக்கானிக் முன் டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினில் வேலை பார்க்கலாம். சுமார் 25 அடி அகலமுள்ள வட்டத்துக்குள் வண்டியை முழுதும் திருப்பிவிடலாம். மோதலில் ஒரு தகடு நசுங்கினால் அந்தத் தகட்டை மட்டும் போல்ட்டைக் கழற்றி மாற்றலாம். இங்கிலாந்தில் கடைசிவரை இரண்டு கதவோடேயே நின்றுவிட்ட இந்தக் கார், பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் ஏறுகிற நம் குடும்பங்களை உத்தேசித்து, பிற்காலத்தில் இங்கே மட்டும் நான்கு கதவுகளைப் பெற்றது.

ஹெரால்டுக்கு ஒரு குறையும் இருந்தது. அதன் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் இறுக்கப்படாமல், தனித்தனியே ஏறி இறங்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. மேடுபள்ளமான சாலையில் இது மிகுந்த சுகத்தைக் கொடுக்கும். ஆனால் வளைவில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கையில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கத்துச் சக்கரம் உள்நோக்கி மடிந்து, வண்டியின் பின்புறம் விலகிப்போகப் பார்க்கும். இந்தச் சுபாவத்தைத் தெரிந்துகொண்டு ஓட்டியவர்கள் அந்தக் காரைக் கொண்டாடினார்கள்; தெரியாதவர்கள் அதைக் குறை கூறினார்கள். பின்னால் வந்த கேஸல் என்ற மாதிரியில் கம்பெனியாரே பழைய வழிக்குத் திரும்பி, பின்புறத்தில் கெட்டியான ஒற்றை அச்சையே போட்டுவிட்டார்கள். எந்தக் காரும் நமக்குப் பழகுவதற்கு முன்னால் நாம் அதற்குப் பழகவேண்டியிருக்கிறது என்ற அபிப்பிராயத்துக்கு எனக்கு முதல் சாட்சி ஹெரால்டு.

1985-இல் அதே தொழிற்சாலையிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 வெளிவந்தது. பிரிட்டனில் ரோவர் எஸ்.டி.1 என்ற பெயரோடு, 1977-ஆம் வருஷத்து ஐரோப்பியக் கார் என்ற விருதையும் பெற்ற காரின் மேனி அது. அங்கே அந்தக் காருக்கு எட்டு சிலிண்டர், மூன்றரை லிட்டர் எஞ்சின்கூடப் பொருத்தப்பட்டிருந்தது. இங்கேயோ, பல வருஷங்களுக்கு முந்திய வான்கார்டு காரின் வம்சத்தில் வந்த இரண்டு லிட்டர் எஞ்சினை எடுத்து அந்த அழகிய மேனிக்குள் வைத்தார்கள். ஃபெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்த எஞ்சினுக்கு அது நெருங்கிய பந்து என்பதைச் சொன்னால், விஷயம் விளங்கும். பட்டத்து யானைக்குக் கன்றுக்குட்டியின் நெஞ்சை வைத்த கதையாக முடிந்தது. மாருதி 800 வெளிவந்து, சிறிய, லேசான, சிக்கனமான கார் எப்படி இருக்கும் என்பதை ஜனங்கள் பிரத்தியட்சமாகக் கண்டுகொண்ட சமயத்தில், விலையும் கூடுதல், பெட்ரோல் செலவும் கூடுதல், ஓட்டத்திலோ சுறுசுறுப்பில்லை என்றிருந்த கார் எப்படி விலைபோகும்? 1988-இல் அதன் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் அதோடு ஓய்ந்தது. அந்த நிலத்தில் இப்போது ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன.

அதே காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் இதே தவற்றைச் செய்தது என்பது நியாயத்துக்காகச் சொல்லவேண்டிய செய்தி. வாக்ஸ்ஹால் காரின் மேனியைக் கொண்டுவந்து, அம்பாஸடரின் ஒன்றரை லிட்டர் எஞ்சினை அதில் வைத்து, 1984-இல் கான்டெஸா என்று பெயரிட்டார்கள். ஆனால் அந்தக் கம்பெனியார் சில வருஷங்களுக்குள்ளாகவே புத்திசாலித்தனமாக ஜப்பானிய இஸுஸு எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் அதற்குக் கொடுத்தார்கள். அதன் பிறகு கான்டெஸா, பார்வைக்கு ஏற்ற ஓட்டமும் உடையதாகி, இன்று வரையில் அபிமானிகள் தேடி அலையும் காராக இருந்துவருகிறது. ஆகவே, கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் பார்க்க வேண்டியது, மேனியும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்பதையே. ஒரே மாதிரிக் காரில் ஆரம்ப விலைக்காக வைத்திருக்கும் சிறிய எஞ்சினும், சற்று அதிக விலைக்குக் கிடைக்கும் சரியான எஞ்சினும் இன்றைக்கும் உண்டு. கூரையில் கண்ணாடிக் கதவும் பெரிய திரையும் வேண்டுமென்று எஞ்சினில் சிக்கனம் பிடிப்பவர்கள், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யையும் போட்டுக்கொண்டு, ஏற்காட்டு மலையில் முதல் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது அந்தத் திரையை வாழ்த்தமாட்டார்கள்.

இனி இரண்டாவது தொழிற்சாலை. ஃபோர்டு கம்பெனி 1926-லேயே இந்தியாவில் கிளை ஸ்தாபித்து, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகப் பட்டணங்களில் கார்களைப் பூட்டி விற்றுவந்தது. உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்க முன்வராத கம்பெனிகள் வெறுமனே பூட்டி விற்கும் வியாபாரத்தை நடத்தலாகாது என்று 1953-இல் சர்க்கார் கட்டளையிட்ட பின்பு, மறு வருஷமே அது விடைபெற்றுக்கொண்டது. 1995-இல் மஹிந்திராவின் கூட்டோடு திரும்பி வந்து, மறைமலைநகரில் தொழிற்சாலை அமைத்து, எஸ்கார்ட் காரில் தொடங்கி, 1999-இல் ஐகான் காரை வெளியிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் உடனே கீழ்ப்படிகிற சுபாவமும், 1.6 லிட்டர் எஞ்சினின் துடிப்பும் சேர்ந்து, ஓட்டுவதில் ஆசையுள்ள நடுத்தரக் குடும்பத்து இளைஞர்களுக்கு அந்தக் கார் ஓர் ஆதர்சமாகவே ஆயிற்று. 2010-இல் ஃபிகோவும் 2013-இல் எக்கோஸ்போர்ட்டும் பின்தொடர்ந்தன. பிறகு, பத்து வருஷங்களில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் கம்பெனி அறிவித்தது. அடுத்த வருஷத்தின் மத்தியில் மறைமலைநகரிலிருந்து கடைசிக் கார் வெளியேறிற்று. அது ஓர் எக்கோஸ்போர்ட். ஏற்றுமதியை உத்தேசித்துத் தொழிற்சாலையை மறுபடியும் பயன்படுத்தப் போவதாக 2024-இல் கம்பெனி தெரிவித்திருக்கிறது என்றாலும், இங்கே ஏற்கனவே கார் வாங்கியவர்களின் நிலைமை அதனால் மாறிவிடவில்லை.

அந்த நிலைமை என்ன? சர்வீஸும் ஸ்பேர் பாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று கம்பெனி உறுதி சொன்னது உண்மை. ஆனாலும் கம்பெனி போய்விட்ட காரின் பாகங்களை இரண்டு ஜாதியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரேக் பேட், ஃபில்டர், கிளட்ச், பெல்ட், பேரிங் போன்ற தேய்மானப் பாகங்களை வெளிக் கம்பெனிகள் செய்து விற்பதால், அவற்றுக்குப் பல வருஷங்கள் வரை பஞ்சம் வராது. ஹெட்லைட், பம்பர், கண்ணாடி, கதவுத் தகடு, எஞ்சினை ஆளும் எலெக்ட்ரானிக் பெட்டி முதலியவையோ அந்த ஒரு மாதிரிக்கு மட்டுமே உரியவை. வருஷங்கள் செல்லச் செல்ல அவை அருகி, கடைசியில் புதுப்பேட்டைப் பழைய இரும்புக் கடைகளில் தேடவேண்டிய பொருள்கள் ஆகிவிடும். கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் புதிய காரைப் பற்றி அபிப்பிராயம் கேளுங்கள், மைலேஜைப் பற்றியோ வேகத்தைப் பற்றியோ பேசமாட்டார், "ஸ்பேர் கிடைக்குமா சார்?" என்பார். பத்து வருஷம் கழித்து இந்தக் காருக்கு யார் நாதன் என்ற கேள்வியை வாங்கும் தினத்தன்றே கேட்டுவிட வேண்டும் என்பது என் சித்தாந்தம். அதே சமயம், கம்பெனி போய்விட்ட காரணத்தால் மதிப்புச் சரிந்த நல்ல கார் ஒன்று மலிவாகக் கிடைக்கும்போது, நம்பகமான மெக்கானிக் ஒருவரும் பொறுமையும் உடையவர்கள் அதைத் தாராளமாக வாங்கலாம். அலுவலகத்துக்குப் போக அந்த ஒரே வண்டியை நம்பியிருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பாமலிருப்பதே க்ஷேமம்.

எக்கோஸ்போர்ட்டின் ஸ்டெப்னி டயர் பின்கதவுக்கு வெளியே தொங்கியதைப் பார்த்தவர்கள் அது அழகுக்காக என்று நினைத்திருக்கலாம். உண்மையில் அந்தக் காரின் நீளம், அந்த டயரை நீக்கி அளந்தால், நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே அடங்கியிருந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்டு, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.க்கும் டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்கும் மேற்படாமல் இருக்கும் கார்களுக்கு மத்திய சர்க்கார் 2006-ஆம் வருஷத்துப் பட்ஜெட்டில் வரிச் சலுகை கொடுத்ததிலிருந்து, நம் நாட்டுக் கார்களின் உருவமே மாறிப்போயிற்று. டிக்கி வைத்த கார்களின் வாலை நறுக்கி, டாடா இண்டிகோ சி.எஸ்., குட்டையான ஸ்விஃப்ட் டிஸையர் போன்றவை வந்ததெல்லாம் இதனாலேதான். 2025 செப்டம்பர் 22 முதல் அமலுக்கு வந்த ஜி.எஸ்.டி. வரி மாற்றத்திலும் இதே அளவுகோல்தான்: இதற்குள் அடங்கினால் 18 சதவிகிதம், மிஞ்சினால் 40. கலைஞனின் பென்சிலைவிட வரி அதிகாரியின் டேப் பலமுள்ளது என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

வரியைப் பற்றிப் பேச்சு வந்தபடியால், தமிழ்நாட்டின் லைஃப் டாக்ஸையும் கணக்கிட்டுக் காட்டிவிடுகிறேன். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்டபடி, ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு 12 சதவிகிதமும், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவிகிதமும், பத்திலிருந்து இருபது லட்சம் வரை 18 சதவிகிதமும், அதற்கு மேல் 20 சதவிகிதமும் கட்ட வேண்டும். பத்து லட்ச ரூபாய்க் காருக்கு வரி 1,30,000 ரூபாய். ஷோரூம் சிப்பந்தி "இன்னும் ஐம்பதாயிரம் போட்டால் மேல் மாடல் வந்துவிடும் சார்" என்று ஆசை காட்ட, நாம் பத்தரை லட்சத்துக்கு இசைந்தால், வரி 1,89,000 ஆகிவிடும். ஐம்பதாயிரம் என்று நினைத்தது, 1,09,000 ரூபாயாக முடியும். சிப்பந்தி பேசிய விலை வேறு, 'ஆன் ரோடு' விலை வேறு என்பதை மறவாமல், தவணைக் கணக்கைப் போடுவதற்கு முன் அந்த இரண்டாவது தொகையை எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

காரை ஓட்டிப் பார்க்கும் விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் எனக்கு விளங்குவதே இல்லை. ஷோரூமுக்கு எதிரே உள்ள அகலமான சாலையில் ஐந்து நிமிஷம் ஓட்டிவிட்டு, பெயர் ராசியும் நாள் நட்சத்திரமும் பார்த்து, ஆடி கழியக் காத்திருந்து, பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான், தம் தெருமுனையில் அது ஒரே வீச்சில் திரும்பவில்லை என்பது பலருக்குத் தெரிகிறது. சேலையூரிலிருந்து அகரம்தென் செல்லும் சாலையில் வேகத்தடைகளைத் தாண்டும்போது அடித்தட்டு இடிக்கிறதா, காலை ஒன்பது மணி நெரிசலில் வேளச்சேரி சாலையில் கிளட்ச் எவ்வளவு கனக்கிறது, வீட்டு வாசலின் சரிவில் ஏறும்போது என்ன ஆகிறது என்றெல்லாம் பார்த்து வாங்குவதே பரீட்சை. மற்றொரு விஷயம்: 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 விதிகள் வந்த பின், டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் வண்டி சூடேறி ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் வரையில் மட்டும் தினமும் போய்வருகிறவர் டீசல் கார் வாங்கினால், அந்த வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

செகண்ட் ஹாண்ட் கார் வாங்குகிறவர்களுக்கு நம் பிரதேசத்தில் ஒரு விசேஷ ஜாக்கிரதை அவசியம். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்று வெள்ளத்தில் மூழ்கியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து சென்றதையும் நாடே பார்த்தது. அப்படி மூழ்கிய கார்களில் பல, மெருகு பூசப்பட்டு எங்கேயோ விற்பனைக்கு வரத்தான் செய்யும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறிய காரானால், அந்த நாடாவின் உட்பகுதியில் சேற்றின் கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துருவும், தரை விரிப்பைத் தூக்கினால் மெல்லிய வண்டலும், ஏ.சி.யைப் போட்டவுடன் வரும் புளித்த வாடையும் மற்றச் சாட்சிகள். மேலே போட்ட பெயிண்ட் எதையும் மறைக்கும்; இவற்றை மறைப்பது கடினம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் வாரத்தையும், பின் இரண்டும் வருஷத்தையும் குறிக்கும். மீட்டரில் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும் காரில் நான்கு டயரும் காரைவிட வயதில் இளையவையாக இருந்தால், மீட்டரைச் சந்தேகிப்பதில் தோஷமில்லை.

அலங்காரங்களுக்கும் மாற்றங்களுக்கும் வருவோம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் காருக்குப் பூட்டக் கிடைக்காத வஸ்து இல்லை. அவற்றில் பாதி சட்டத்துக்கு விரோதம், மீதியில் பாதி அறிவுக்கு விரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் ஆர்.சி. புத்தக விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரளத்து வழக்கு ஒன்றில் அதையே வலியுறுத்திற்று. அதே வருஷத்துச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். முன் பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்பது விதி. கறுப்பு ஃபிலிமை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது 2012-இல். எனினும் வெயிலைக் குறை சொல்லிக்கொண்டு அதை ஒட்டுகிறவர்கள் ஒட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

சட்டத்தை விட்டுவிட்டு யந்திர நியாயத்தைப் பார்ப்போம். காரின் முன்னால் பூட்டும் இரும்புக் கம்பிவேலியை 2017 டிசம்பரில் மத்திய சர்க்கார் தடுத்ததற்குக் காரணம் உண்டு. மோதலில் காரின் முன்பகுதி நசுங்குவதற்காகவே அமைக்கப்பட்டது. அது நசுங்கி அதிர்ச்சியை விழுங்கினால்தான் உள்ளே இருப்பவர் உடம்பு தப்பும். எவ்வளவு வேகமாக நசுங்குகிறது என்பதைக் கண்டே ஏர் பேக் விரிய வேண்டிய தருணம் நிர்ணயமாகிறது. இரும்பு வேலி அந்தக் கணக்கைக் குழப்பிவிடுகிறது. எதிரே வரும் பாதசாரிக்கோ அது சாக்ஷாத் யமன். அகலமான டயரும் பெரிய அலாய் வீலும் போட்டால் பார்வைக்குக் கம்பீரம்தான். ஆனால் சக்கரத்தின் மொத்த விட்டம் மாறினால் ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லும். டயரின் பக்கச் சுவர் குட்டையானால், மழைக்குப் பிந்திய பள்ளம் ஒன்றில் வீல் வளைந்துபோகும். சஸ்பென்ஷனைத் தாழ்த்திக்கொள்வது சேலையூர்த் தெருக்களில் ஆயில் சம்ப்பை உடைத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு. சைலன்ஸரை மாற்றி நடு இரவில் உறுமிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி எழுதினால் பத்திரிகையின் மரியாதை கெடும்.

நான் ஆமோதிக்கும் மாற்றங்களும் இல்லாமலில்லை. அளவை மாற்றாமல் உயர்தரமான டயர் போடுவது, தேய்ந்த ஷாக் அப்சார்பருக்குப் பதில் புதியதும், மங்கிய ஹெட்லைட்டுக்குப் பதில் அதே மாதிரிக்குரியதும் பொருத்துவது, முதுகு வலியுள்ளவர் சீட்டைச் சீராக்கிக்கொள்வது ஆகியவை அந்த வகை. நிறத்தை மாற்றவேண்டுமென்றால், ஆர்.டி.ஓ.விடம் அனுமதி பெற்று ஆர்.சி.யிலும் பதிந்துகொள்ளலாம். பூட்டிய அதிகப்படியான சாமான்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் இருந்துவிட்டு, விபத்துக்குப் பின் நஷ்ட ஈடு மறுக்கப்பட்டதென்று புலம்புவதில் பிரயோஜனமில்லை.

எஞ்சினையே மாற்றிப் பார்க்கும் ஆசையை நான் இழிவாகக் கருதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கு உரிய இடம் வேறு. நம் ராஜதானிக்கு அதில் ஒரு பெருமையான பாரம்பரியமும் உண்டு. யுத்த காலத்து விமானத்தளமாகிய சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களைப் பார்க்கச் சென்னையே திரண்டது ஒரு காலம். பின்பு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே ஓடுதளம் அமைந்தது. கோயம்புத்தூர்க் கரிவரதன், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினையும் கியர் பெட்டியையும் எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரில் வைத்து, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகையையே சிருஷ்டித்தார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நரேன் கார்த்திகேயன், ஸ்ரீபெரும்புதூர்த் தளத்தில் அந்த ஃபார்முலா மாருதியில்தான் தம் பந்தய வாழ்வைத் தொடங்கினார். நாற்பது குதிரைச் சக்தியைக்கூட எட்டாத வீட்டு உபயோக எஞ்சினிலிருந்து அவ்வளவு பெரிய பயனை எடுத்த மனிதரை நான் வணங்குகிறேன். அதே வேலையை வேளச்சேரி சாலையில் செய்ய வருகிறவருக்கு அந்த வணக்கம் இல்லை.

பராமரிப்பில் பெரும்பகுதி சுவாரஸ்யமற்ற காரியம்: காலத்தில் ஆயில் மாற்றுவது, காற்றழுத்தம் பார்ப்பது, பிரேக் எண்ணெயையும் கூலண்டையும் மறவாதிருப்பது. கையேட்டில் எல்லாம் இருக்கிறது. அதைப் படிப்போர்தான் இல்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் இரண்டு செய்திகளை மட்டும் மனத்தில் கொள்ளட்டும். இருபது சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் வந்துவிட்டது. எத்தனால் கலவாத பெட்ரோலுக்காக உருவாகி, பத்து சதவிகிதக் கலவைக்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் மைலேஜ் ஆறு, ஏழு சதவிகிதம் குறையக்கூடும் என்று நிதி ஆயோக்கின் 2021-ஆம் வருஷத்து அறிக்கையே மதிப்பிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அவ்வப்போது சோதிப்பது உத்தமம். மற்றொன்று, பதினைந்து வருஷம் முடிந்தபின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம். 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் மூல உருவத்திலேயே இருக்கும் காருக்கு, 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி வின்டேஜ் என்ற அந்தஸ்தும், 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட தனி நம்பர் பலகையும் கிடைக்கும். அலாய் வீலும் வேறு எஞ்சினும் பூட்டி 'நவீனப்படுத்தப்பட்ட' ஹெரால்டுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் கிட்டாது. மாற்றாமல் வைத்திருந்தவரின் சிரத்தைக்குச் சர்க்காரே கொடுக்கும் மரியாதையாக நான் இதைக் கருதுகிறேன்.

கடைசியாக மழை. வடகிழக்குப் பருவமழை நெருங்கினால், வேளச்சேரிவாசிகள் தங்கள் கார்களை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. 2024 அக்டோபரில் இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, போலீஸார் ஆட்சேபித்ததும் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். எஞ்சினின் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்த நிலையில் பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தாங்கும் கம்பி வளைந்து, சில சமயம் எஞ்சினின் சுவரையே உடைத்துவிடும். ஆகவே வெள்ளத்தில் நின்றுபோன காரை, இன்னும் ஒரு முறை சாவியைத் திருப்பிப் பார்ப்போமே என்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், மெக்கானிக் வரும் வரையில் சும்மா விட்டுவிட வேண்டும். சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி இப்படிப்பட்ட எஞ்சின் சேதத்துக்குப் பெரும்பாலும் ஈடு தராது; எஞ்சின் பாதுகாப்பு என்று தனியே ஒரு சேர்க்கை உண்டு. சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர், பள்ளிக்கரணை வாசிகள் ஐப்பசி பிறப்பதற்குள் தங்கள் பாலிசியை எடுத்து, அந்தச் சேர்க்கை இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். அதற்கு ஆகும் அதிகப்படியான பிரீமியம், சாதாரண கார் ஒன்றுக்கு, ஒரு ஜோடி அலாய் வீலின் விலைகூட வராது.